ஆய்வேட்டுக்கு மொழி உதவி: யாழ்ப்பாணத்தில் கேட்பவர்களுக்கும் செய்துகொடுப்பவர்களுக்கும்

யாழ்ப்பாணத்தில் ஆய்வேடு எழுதுகிறவருக்கு மொழி உதவி கிடைக்காமல் போவது அரிது. பிந்திக் கேட்பதாலும், என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல் கேட்பதாலும்தான் கிடைத்த உதவியும் வீணாகிறது. சமர்ப்பிக்க ஒரு கிழமை இருக்கும்போது முழு ஆய்வேட்டையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ரைப்செற்றிங் கடைக்குப் போய், “இங்கிலீஷையும் ஒருக்கால் பார்த்து விடுங்கோ” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையில் இருப்பவர் பக்க எண் போடுவார், பொருளடக்கத்தை நேராக்குவார், பைண்டிங்குக்கு ஆயத்தமாக்கித் தருவார். அதை அவர் நன்றாகவே செய்வார். வசனத்தைத் திருத்துவது அவருடைய வேலை அல்ல.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், திருநெல்வேலியிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிப்பவர்கள், வெளிவாரியாகப் பட்டம் செய்பவர்கள், முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்ப நினைக்கும் ஆசிரியர்கள், வைத்தியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழும் ஆங்கிலமும் கைவந்தவர்கள், இந்த வேலையைச் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் பிற்பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

எந்த வேலை வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள்

“திருத்தித் தாங்கோ” என்று சொன்னால் அதற்குள் நாலைந்து வேலைகள் அடங்கும். எழுத்துப் பிழை, விடுபட்ட சொல், தவறிய நிறுத்தக்குறி, மாறிப்போன அட்டவணை இலக்கம் ஆகியவற்றைப் பார்ப்பது ஒப்புநோக்கல். எங்களுடைய பத்திரிகை அலுவலகங்களில் ஒப்புநோக்காளர் செய்வது இதைத்தான். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்யவேண்டிய வேலை இது. வசனம் வசனமாகப் பார்த்து இலக்கணத்தைச் சரிசெய்து, குழப்பத்தைத் தெளிவாக்கி, ஒரு பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதவைப்பது மொழிச் செவ்விதாக்கம். அத்தியாயங்களின் ஒழுங்கு, எது முன்னுக்கு வரவேண்டும், எந்தப் பந்தி தேவையில்லை என்பதெல்லாம் அதற்கும் முந்திய கட்டம். அதில் உங்கள் மேற்பார்வையாளர்தான் முதல் ஆள். மொழிபெயர்ப்பு தனி வேலை. நேர்காணல் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவதும் தனி வேலை. மொழிபெயர்ப்போடு அதையும் சேர்த்து ஒன்றாகச் சொன்னால் காசுக் கணக்கும் நாள் கணக்கும் பிழைக்கும்.

இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. அமைப்பு முடிவாகாத அத்தியாயத்துக்கு ஒப்புநோக்கல் செய்வித்தால், பிறகு பாதியை வெட்டும்போது செலவழித்த காசும் அதோடு போய்விடும். மேற்பார்வையாளர் “உள்ளடக்கம் சரி” என்று சொன்ன அத்தியாயத்தை மட்டும் மொழிக்குக் கொடுங்கள். முழுவதும் முடியும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு அத்தியாயமாகக் கொடுப்பது நல்லது. முதல் அத்தியாயத்தில் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்ட பிழைகள் எவை என்று பார்த்தால், இரண்டாவதை நீங்களே கவனமாக எழுதிவிடலாம். திருத்துபவருக்கும் வேலை குறையும், உங்களுக்கும் செலவு குறையும்.

எதுவரை உதவி கேட்கலாம்

இலக்கணம், சொல் தெரிவு, வசன ஒழுங்கு, மேற்கோள் வடிவம் ஆகியவற்றில் உதவி பெறலாம். ஆய்வு வினா, தரவுப் பகுப்பாய்வு, முடிவுரை, இலக்கிய மீளாய்வு ஆகியவற்றை இன்னொருவர் எழுதித் தரக்கூடாது. “ஆய்வேடு செய்து தரப்படும்” என்று வட்ஸ்அப் குழுக்களில் வரும் விளம்பரங்களைத் தொடவேண்டாம். பிடிபட்டால் பட்டம் போகும் என்பது ஒரு காரணம். அதைவிட, வாய்மொழித் தேர்வில் “ஏன் இந்த முறையியலைத் தெரிந்தீர்கள்?” என்ற ஒரு கேள்விக்கே பதில் இல்லாமல் நிற்கவேண்டி வரும். இத்தனை வருடம் படித்த பிள்ளைக்கு அந்த நிலை வரவே கூடாது.

வெளியாரிடம் மொழி உதவி பெறப்போகிறீர்கள் என்பதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒவ்வொரு பீடத்துக்கும் நடைமுறை வேறுபடும். சிலர் எழுத்தில் அனுமதி கேட்பார்கள். உதவி செய்தவரின் பெயரை நன்றியுரையில் போடுங்கள், என்ன செய்தார் என்பதையும் சேர்த்து. கட்டுரை என்றால் இன்னொரு கேள்வி வரும்: திருத்தியவரை இணை ஆசிரியராகப் போடலாமா? மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மொழி திருத்தியதும் ஒப்புநோக்கியதும் மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்காது. அவருக்குரிய இடம் நன்றியுரை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் ஆசிரியராகப் போடக்கூடாது, பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பதும் அதே குழுவின் நிலைப்பாடு. மற்றத் துறை ஆய்விதழ்கள் பலவும் இதே வழியில்தான் போகின்றன.

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்கவேண்டும். ஆங்கில நூலில் இருந்த நாலு பந்தியைத் தமிழாக்கி, மேற்கோள் காட்டாமல் சேர்த்தால் அது திருட்டுத்தான். டேர்னிட்டின் போன்ற ஒப்புமை பார்க்கும் மென்பொருள் தமிழில் அதைப் பிடிக்காமல் விடலாம். அந்தத் துறையில் ஆழ்ந்து வாசித்த பரீட்சகர் இரண்டாம் வரியிலேயே கண்டுபிடிப்பார். மொழிபெயர்த்து எடுத்த பகுதிக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் கொடுத்து, “மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது” என்று குறித்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

ஆட்களை எங்கே தேடுவது

கிட்ட இருந்து தொடங்குங்கள். உங்கள் துறையில் சென்ற வருடம் ஆய்வேடு சமர்ப்பித்தவரிடம் யார் பார்த்துத் தந்தார்கள் என்று கேளுங்கள். பெயரைக் கேட்பதோடு விடாமல், திருத்திய பிரதியில் ஒரு பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். சிவப்புக் கோடுகளைப் பார்த்தாலே அந்த ஆளின் தரம் தெரியும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக் கற்கைகள் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூத்த மாணவர்களுக்கு மேற்பார்வையோடு செய்யும் வேலை அனுபவம் தேவை. உங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவை. துறை ஊடாக முறையாகக் கேட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பருத்தித்துறையிலும். இலக்கணத்தில் அவர்களிடம் ஒரு சொல் தப்பாது. ஆய்வுக் கட்டுரையின் நடை சிலருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால், உங்கள் துறையில் வெளியான நல்ல கட்டுரை ஒன்றையும் மாதிரிக்குக் கொடுங்கள். தமிழ் ஆய்வேட்டுக்கு, பத்திரிகையில் பல காலம் ஒப்புநோக்காளராக இருந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று அகராதி தேடாமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

கனடாவிலோ இலண்டனிலோ உங்கள் துறையில் வேலை செய்யும் உறவினர் இருந்தால் அவரிடம் முழு ஆய்வேட்டையும் அனுப்பவேண்டாம். வேலையும் குடும்பமுமாக ஓடுபவர் இருநூறு பக்கத்தை வாசிக்கமாட்டார், மறுக்கவும் கூச்சப்படுவார். சுருக்கத்தையும் அறிமுகத்தையும் மட்டும் அனுப்பி, “இந்தத் துறை ஆட்களுக்கு இது விளங்குமா?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் வரும்.

கட்டுரை எழுதுபவர்களுக்கு ஓதர்எய்ட் என்ற இலவச வலையமைப்பு இருக்கிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வாளர்களுக்காகப் பிரித்தானியாவைத் தளமாகக் கொண்ட ஐநாஸ்ப் நிறுவனம் 2007இல் தொடங்கியது. அனுபவமுள்ள ஆய்வாளர் ஒருவரை வழிகாட்டியாகத் தேடிக்கொள்ளலாம். ஆய்வெழுத்துப் பற்றிய இணையவழிப் பாடங்களும் நடத்துகிறார்கள். எங்களுடைய மாணவர்கள் இதை இன்னும் நிறையப் பயன்படுத்தவேண்டும் என்பது என் விருப்பம். பெரிய பதிப்பகங்கள் காசுக்கு நடத்தும் மொழி திருத்தச் சேவைகளும் உண்டு. அவற்றில் திருத்தினால் கட்டுரை ஏற்கப்படும் என்று அந்தப் பதிப்பகங்களே உறுதி தருவதில்லை. “நாங்கள் திருத்தினால் பிரசுரம் நிச்சயம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அவருடைய முத்திரை வேண்டும். ஆய்வேட்டுக்கு முத்திரை தேவையில்லை; உங்கள் பாடம் தெரிந்த ஆள்தான் தேவை.

எப்படிக் கேட்பது

“சேர், ஒரு சின்ன உதவி” என்று தொடங்கி, கோப்பை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது யாருக்கும் நல்லதல்ல. பார்ப்பவருக்கு எவ்வளவு வேலை, எப்போது முடிக்கவேண்டும் என்று தெரியவேண்டும். இப்படி எழுதலாம்:

“வணக்கம் சேர். நான் சமூகவியலில் முதுமாணி செய்கிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஆங்கிலத்தில் 6,200 சொற்கள். இலக்கணத்தையும் வசன அமைப்பையும் பார்த்துத் தரவேண்டும். உள்ளடக்கத்தை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். வெளியில் மொழி உதவி பெறுவதற்கு அவர் சம்மதம் தந்திருக்கிறார். வருகிற மாதம் 20ஆம் திகதிக்குள் கிடைத்தால் போதும். இரண்டு பக்கம் மாதிரிக்கு இணைத்திருக்கிறேன். உங்களுக்கு நேரம் இருக்குமா, கட்டணம் எவ்வளவு என்று அறியத்தாருங்கள்.”

இவ்வளவும் இருந்தால் அவர் ஒரே நாளில் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த இரண்டு பக்க மாதிரி மிக முக்கியம். திருத்துபவர் அதைத் திருத்தி அனுப்பட்டும். நீங்கள் சொல்ல நினைத்தது மாறாமல் இருக்கிறதா, உங்கள் துறைச் சொற்களைத் தொடாமல் விட்டிருக்கிறாரா, புரியாத இடத்தில் தானே ஊகித்து எழுதாமல் கேள்வி கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கேள்வி கேட்பவரையே தெரிவுசெய்யுங்கள்.

நாளைக் கணக்கிடும்போது தாராளமாக இருங்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 2,000 சொற்கள் செய்வார் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் 20,000 சொற்களுக்குப் பத்து முழு நாட்கள். திருப்பிப் பார்ப்பது வேறு. பாடசாலையில் படிப்பித்துவிட்டு இரவில் செய்பவருக்கு அது மாதக் கணக்காகும். நல்லூர்த் திருவிழா நடக்கும் நாட்களில் வேலை நகரும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

கோப்பை ஒழுங்காக்கிக் கொடுங்கள்

தமிழ் ஆய்வேடு பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் எழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினி அதை ஆங்கில எழுத்துகளாகவே வைத்திருக்கிறது. அதனால் தேட முடியாது, ஒப்புமை பார்க்க முடியாது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்கவும் முடியாது. இலவச எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். ஒன்று, இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் உசாத்துணைப் பட்டியலும்; எழுத்துரு மாற்றி அவற்றையும் தமிழென்று நினைத்துப் பொருளில்லாத எழுத்துக் கூட்டமாக்கிவிடும். மற்றது, கொம்பும் காலும் சேரும் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகள்.

வேர்ட் கோப்பாகவே அனுப்புங்கள், பிடிஎஃப் வேண்டாம். மாற்றங்களைப் பதியும் வசதியை இயக்கி வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்களே பார்த்து ஏற்கவேண்டும். ஒரேயடியாக “எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்” என்று அழுத்தினால், திருத்துபவர் தவறாக விளங்கிய இடமும் உங்கள் பெயரில் போய்விடும். உசாத்துணைக்கு எந்த முறை என்று முன்பே சொல்லுங்கள்: ஏபிஏ 7ஆம் பதிப்பா, வன்கூவர் முறையா, துறை தந்த வேறு வடிவமா. உசாத்துணைகளைச் சேர்த்து ஒழுங்காக்கும் சொட்டெரோ மென்பொருள் இலவசம், அதில் ஆரம்பத்திலிருந்தே சேர்த்து வந்தால் பல இரவுகள் மிச்சமாகும். எங்களுடைய பெயர்களில் முன்னெழுத்து பெரும்பாலும் தகப்பனின் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. ஆகவே பட்டியலில் ஆளின் சொந்தப் பெயர் முன்னும் முன்னெழுத்து பின்னும் வரவேண்டும். ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் பழகிய திருத்துநர் இதில் தடுமாறுவார், சொல்லி வையுங்கள்.

வினாக்கொத்தும் நேர்காணலும்

மொழிபெயர்ப்பில் அதிகம் கவனம் எடுக்கவேண்டிய இடம் இது. இங்கே பிழைத்தால் தரவே பிழைக்கும். பிறகு எவ்வளவு திருத்தினாலும் மீட்க முடியாது.

ஆங்கிலத்தில் உள்ள வினாக்கொத்தைத் தமிழில் பயன்படுத்துவதாக இருந்தால், முதலில் அதன் உரிமையாளரிடம் அனுமதி எடுங்கள். ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் செய்யப்பட்ட வடிவம் கிடைத்தால் அப்படியே எடுக்காதீர்கள். அதில் பஞ்சாயத்தும் தாலுகாவும் ரேஷன் அட்டையும் இருக்கும். எங்களுடைய ஆட்களுக்குத் தெரிந்தது பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் சமுர்த்தியும். புதிதாக மொழிபெயர்ப்பதென்றால் இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கி, ஒன்றாக இருந்து ஒரு வடிவத்துக்கு வரவேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அந்தத் தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கவேண்டும். மூலத்தோடு ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். அதற்குப் பிறகு ஆய்வில் பங்குபற்றப்போகிறவர்களைப் போன்ற சிலரிடம் வாசித்துக் காட்டி, “இந்தக் கேள்வி என்ன கேட்கிறது?” என்று அவர்களையே சொல்லவையுங்கள். கடற்றொழில் செய்யும் ஐயா ஒருவர் சொல்லும் பதிலில், மூன்று மொழிபெயர்ப்பாளர்களும் காணாதது தெரியவரும். மொழிபெயர்ப்பு வேலையை ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்க முன்பே முடிக்கவேண்டும், ஏனென்றால் சம்மதப் படிவமும் தகவல் தாளும் பங்குபற்றுவோரின் மொழியில் இருக்கின்றனவா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

மொழிபெயர்த்ததை விடயம் தெரிந்தவர்களிடம் காட்டிச் சரிபார்க்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமை தொகுக்கப்பட்டபோது அதைத் தமிழாக்கி 12 முதலியார்களிடம் கொடுத்து, ஊர் வழக்கோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அவரிடம் படித்த மாணவர்களும் மொழிபெயர்ப்பில் பங்கெடுத்தார்கள். தனியொருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டாவது ஆள் பார்க்கவேண்டும்.

நேர்காணல்களுக்கு வருவோம். வடக்கில் எடுத்த நேர்காணலை இந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்தவரிடமே கொடுங்கள். “பெடியள் வந்தவை” என்று ஒரு அம்மா சொன்னால் அது அயல் வீட்டுப் பையன்களா, இயக்கக்காரரா என்பதை முன்பின் வசனங்களை வைத்துத்தான் சொல்லலாம். “தொண்ணூற்றைந்தில வெளிக்கிட்டனாங்கள்” என்றால் 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து சனம் தென்மராட்சிப் பக்கம் போன அந்த இடப்பெயர்வு. அதை வெறுமனே ஒரு பயணம் போல ஆங்கிலமாக்கினால் அந்த அம்மா சொன்னது தொலைந்துபோகும். இடம்பெயர்ந்தவரும் புலம்பெயர்ந்தவரும் ஒன்றல்ல. சீதனத்தையும் அப்படியே ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிட முடியாது. தேசவழமையில் அது பெண்ணுக்குரிய சொத்து. இப்படியான சொற்களைத் தமிழிலேயே வைத்து, முதல் தடவை வரும் இடத்தில் விளக்கம் கொடுப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காணாமல்போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் உங்களை நம்பிச் சொன்னதை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்ப முன், பெயர், ஊர், அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்கிக் குறியீடு போடுங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதவேண்டியிருந்தால் அதை அப்படி மறைக்க முடியாது; அதனால் இரகசியம் காப்பதாக எழுத்தில் உடன்பாடு வாங்குங்கள். இலவச இணைய மொழிபெயர்ப்புக் கருவியில் அந்தப் பேச்சை ஒட்டவேண்டாம். அங்கே போட்டது பிறகு எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் தாய்க்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

கலைச்சொற்களும் கருவிகளும்

தொடங்கும்போதே இரண்டு நிரல் அட்டவணை ஒன்றைத் திறவுங்கள்: ஆங்கிலச் சொல், நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் சொல். எங்களுடைய பாடநூல்களில் பௌதிகவியலும் இரசாயனவியலும் வரும். தமிழ்நாட்டு நூல்களில் இயற்பியலும் வேதியியலும் வரும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடியுங்கள். இலங்கைப் பரீட்சகருக்கு எழுதுவதென்றால் எங்களுடைய பாடநூல் வழக்கே பொருந்தும். பழைய பாடநூல்களையும் கலைச்சொற் தொகுதிகளையும் பல்கலைக்கழக நூலகத்திலும், இணையத்தில் “நூலகம்” என்ற எண்ணிம நூலகத்திலும் தேடலாம். இயந்திர மொழிபெயர்ப்பு எடுத்துத் தரும் சொல் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கு. இயந்திர மொழிபெயர்ப்பு, ஏற்கெனவே வெளியான ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் சாரத்தை விரைவாக அறிய உதவும். அதன் தமிழை ஆய்வேட்டில் ஒட்ட உதவாது. பதிப்புரிமை உள்ள நூல் ஒன்றை முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட நினைத்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

செய்துகொடுக்க விரும்புபவர்களுக்கு

மொழி தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் உங்களுக்கு எந்தப் பாடம் தெரியும் என்று முடிவெடுங்கள். வரலாறு படித்தவர் நீரியல் ஆய்வேட்டை எடுத்தால், வசனம் அழகாகவும் பொருள் பிழையாகவும் வரும். தெரியாத பாடம் வந்தால் மறுத்து, தெரிந்தவரைக் காட்டிவிடுங்கள். அவர் நாளை உங்களைக் காட்டுவார்.

பழகுவதற்கு நல்ல இடங்கள் எங்களிடம் இருக்கின்றன. பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய மலர், கோயில் கும்பாபிஷேக மலர் என்று வருடம் முழுவதும் ஏதோ ஒன்று அச்சுக்குப் போகிறது. அவற்றில் ஒப்புநோக்கல் செய்ய முன்வாருங்கள். பலர் எழுதிய கட்டுரைகளை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று அங்கேதான் தெரியும். பிறகு உங்களுக்கென்று ஒரு நடைக்குறிப்பு எழுதி வையுங்கள்: எண்கள் எப்படி, பிறமொழிப் பெயர்கள் எப்படி, எங்கே அடைப்புக்குறி, ஆங்கிலம் என்றால் பிரித்தானிய எழுத்துக்கூட்டலா அமெரிக்க முறையா. ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் அதைக் கொஞ்சம் மாற்றி, மாணவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

திருத்தும்போது எழுதியவரின் குரலைக் கொல்லாதீர்கள். பிழையில்லாத வசனத்தை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றவேண்டிய தேவை இல்லை. பொருள் விளங்காத இடத்தில் ஓரத்தில் கேளுங்கள்: “இங்கே நீங்கள் சொல்வது விளைச்சல் குறைந்தது என்றா, வருமானம் குறைந்தது என்றா?” மாணவர் பதில் எழுதும்போது அவருடைய சிந்தனையும் தெளியும். ஒரே பிழை பத்து இடத்தில் வந்தால் முதல் இடத்தில் காரணத்தை எழுதுங்கள். தரவு பொய்யாகத் தெரிந்தாலோ, நடை திடீரென்று மாறி எங்கிருந்தோ எடுத்தது போல இருந்தாலோ, மாணவரிடம் நேரே சொல்லுங்கள். அவர் சரிசெய்ய மறுத்தால் வேலையை நிறுத்துங்கள்.

கட்டணத்தைச் சொல்லக் கூச்சப்படவேண்டாம். ஆசிரியர், உறவினர், அயலவர் என்ற காரணத்தால் காசைப் பற்றிப் பேசாமல் விட்டு, பிறகு இரண்டு பக்கமும் மனம் கசந்ததைக் கண்டிருக்கிறேன். மாதிரிப் பக்கங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள்; அதை வைத்து முழுவதற்கும் மணிக்கணக்குப் போட்டு, நியாயமான தொகையைச் சொல்லுங்கள். வசதி குறைந்த பிள்ளை என்றால் குறையுங்கள், அல்லது இலவசமாகவே செய்யுங்கள். அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்புக்குச் சொற்கணக்கில் காசு பேசும்போது மூலத்தின் சொற்களையே எண்ணுங்கள். தமிழில் வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது “வீட்டிலிருந்து” என்று ஒரே சொல்லாகிவிடும். தமிழாக்கத்தை எண்ணினால் செய்தவருக்கு நட்டம். நீண்ட வேலை என்றால் அத்தியாயம் அத்தியாயமாகக் காசு வாங்குவது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

ஒப்புக்கொண்டதை ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்: என்ன வேலை, எத்தனை சொல், எந்தத் திகதி, எவ்வளவு காசு, எத்தனை தடவை திருப்பிப் பார்ப்பீர்கள். முடிந்ததும் திருத்தங்கள் தெரியும் பிரதி ஒன்றும் சுத்தமான பிரதி ஒன்றும் கொடுங்கள். நேர்காணல் கோப்புகள் இருந்தால் எப்போது அழிப்பீர்கள் என்று சொல்லி, அந்த நாளில் மின்னஞ்சலிலிருந்தும் வட்ஸ்அப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு பரீட்சகர்கள் திருத்தங்கள் கேட்பார்கள், மாணவர் திரும்பவும் உங்களிடம்தான் வருவார். அந்தப் பக்கங்களைப் பார்ப்பது பேசிய கட்டணத்துக்குள் அடங்குமா, வேறாகவா என்பதையும் அதே மின்னஞ்சலில் சேருங்கள்.